அண்ணன், அப்பா, மாமனார், தாத்தா

இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்து சினிமா பேசினாலும் பேச்சு கடைசியில் 'நம்ம ஊர்க்காரர்' கணக்குக்கு வந்து நிற்கும். கீழக்கரைக்காரர் ராஜ்கிரண் என்பார். சாயல்குடி, கமுதிப் பக்கத்து ஆள் பெருநாழி வேல ராமமூர்த்தியைச் சொல்வார். முதுகுளத்தூர்க்காரர் இருந்தால் இளஞ்செம்பூர் செந்தில் வந்துவிடுவார். பரமக்குடிக்காரர் கமல்ஹாசன் என்று ஒரே பெயரில் எல்லோர் வாயையும் அடைத்துவிடப் பார்ப்பார். அவரையும் யாராவது விடாமல், அவருடைய அண்ணன் சாருஹாசனும் பரமக்குடிதானே என்று இழுப்பார்கள்.

கமலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சப் பேரைப் பாருங்கள். பெரும்பாலும் நாயகனுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள். அண்ணன், அப்பா, மாமனார், தாத்தா, இல்லாவிட்டால் வாழைப்பழத்துக்கு உதை வாங்குபவர். ராஜ்கிரண் சில வருடம் நாயகனாக இருந்தார். ஆனால் இன்றைக்கு இருபது வயதுப் பிள்ளையிடம் கேட்டால் அவர் யாருக்கோ அப்பா. குணச்சித்திர நடிகர் என்று எழுதுகிறோம், கேரக்டர் ஆர்ட்டிஸ்ட் என்று பேசுகிறோம். இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது, ஒருவர் இதில் இருபது முப்பது வருடம் எப்படி நிற்கிறார், டிவி வந்து இதை என்ன செய்தது என்பதை நம் மாவட்டத்து ஆட்களை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

என் கட்சி இதுதான்: நாயகனின் கணக்கு வசூலில் இருக்கிறது, குணச்சித்திர நடிகரின் கணக்கு, அவர் எந்த உறவுமுறை நாற்காலியில் எந்த வயதில் உட்கார்ந்தார் என்பதில் இருக்கிறது. தமிழ்ப் படத்திலும் சீரியலிலும் குடும்பம் இல்லாமல் கதை நகராது. தயாரிப்பு மேனேஜர் போன் செய்யும்போது 'ஹீரோவுக்கு அப்பா' என்றுதான் முதலில் சொல்வார். அந்த அப்பாவுக்குப் பெயர் என்ன, என்ன வேலை பார்க்கிறார் என்பதெல்லாம் அப்புறம். ஒரு நாற்காலியில் ஒருவர் சரியாகப் பொருந்திவிட்டார் என்றால் அடுத்த பத்து வருடத்துக்கு இயக்குநர்கள் வேறு ஆள் தேடி அலைய மாட்டார்கள். அதுவே அவருக்குச் சோறு; அதுவே அவருக்குச் சிறை.

பழைய கதையிலிருந்து தொடங்கலாம். 1985இல் மூன்றாகப் பிரிவதற்கு முன் இராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் விருதுநகரும் சிவகங்கையும் காரைக்குடியும் இருந்தன. விருதுநகர்ப் பக்கத்துக்காரரான வி.கே. ராமசாமி, 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் வயதானவராக நடித்தார். அப்போது அவருக்கு வயது 21தான். படத்தைத் தயாரித்தது ஏவி.எம்.; எடுத்தது காரைக்குடியில் அவர்கள் போட்டிருந்த ஸ்டுடியோவில். ஆக, நடிகரும் ஸ்டுடியோவும் அன்றைய கணக்கில் ஒரே மாவட்டம். அன்றைக்கு உட்கார்ந்த பெரியவர் நாற்காலியிலிருந்து அவர் அரை நூற்றாண்டுக்கு எழுந்திருக்கவே இல்லை. அது எப்படி முடிந்தது? நாடகக் கம்பெனிப் பயிற்சி. மேடையில் இருபது வயதுப் பையன் அறுபது வயதுக் கிழவனாக வருவது சாதாரணம். தலைக்கு வெள்ளை, முதுகில் ஒரு கூன், குரலில் ஒரு கரகரப்பு, போதும். கறுப்பு வெள்ளைப் படமும் அதற்கு ஒத்துழைத்தது.

கலர் வந்தது, கேமரா முகத்துக்குக் கிட்டே வந்தது, அந்தக் காலம் முடிந்தது. அதைவிடப் பெரிய மாற்றம், 1977இல் '16 வயதினிலே'க்குப் பிறகு கேமரா ஸ்டுடியோவை விட்டுக் கிராமத்துக்குள் போனது. நிஜத் தெரு, நிஜத் திண்ணை. அதன்மேல் மாவு பூசிய கிழவரை உட்கார வைத்தால் பொய் பல்லை இளித்துவிடும். வேட்டியை மடித்துக் கட்டத் தெரிந்த, வெயிலில் நின்ற தோல் உள்ள முகம் தேவைப்பட்டது. இப்படித்தான் நடிப்புத் தொழிலில் இல்லாதவர்களுக்கு நடுவயதில் கதவு திறந்தது. பரமக்குடி வக்கீலான சாருஹாசன் ஐம்பதை நெருங்கும் வயதில், 1979இல், மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' வழியாக உள்ளே வந்தது இந்தக் கதவில்தான். சில வருடங்களில் அவர் கன்னடத்துக்குப் போனார். கிரீஷ் காசரவள்ளி இயக்கிய 'தபரன கதெ'யில், ஓய்வூதியத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் கடைநிலை அரசு ஊழியராக நடித்துச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதையே வாங்கினார். துணை நடிகர் விருது இல்லை, சிறந்த நடிகர் விருது. கோர்ட்டில் மனுக்களோடு மல்லுக்கட்டிய மனிதர், மனுவோடு அலைபவராக நடித்தார். தமிழில் அவருக்கு அதற்கு ஈடான ஒரு வேடத்தை நாம் கொடுக்கவில்லை. நல்ல குடும்பத்துப் பெரியவர் என்று உட்கார வைத்தோம், அவ்வளவுதான்.

ராஜ்கிரண் விஷயம் இன்னும் விரிவானது. நின்று பார்க்க வேண்டியது.

கீழக்கரை, சங்கும் முத்தும் விற்றுக் கடல் தாண்டி வியாபாரம் செய்த ஊர். அந்த ஊர்க்காரர் சினிமாவுக்குள் போனதும் வியாபாரத்தின் வழியாகத்தான். முதலில் விநியோகம், பிறகு தயாரிப்பு. ராமராஜனை வைத்து 1988இல் 'ராசாவே உன்னை நம்பி' எடுத்தார். விநியோகத்தில் இருந்தவருக்கு ஒரு விஷயம் கையில் இருக்கும்: எந்தப் படம் எந்த ஊர்க் கொட்டகையில் எத்தனை நாள் ஓடியது, எந்தக் காட்சிக்கு விசில் வந்தது என்ற நினைவு. பி, சி சென்டர் என்று சினிமாக்காரர்கள் சொல்கிற சின்ன ஊர்த் தியேட்டர்களின் நாடி அது. 1991இல் 'என் ராசாவின் மனசிலே' எடுத்தபோது அதை இயக்கியவர் கஸ்தூரிராஜா. அவருக்கு அது முதல் படம். நாயகன் யார் என்றால், தயாரிப்பாளரே. இளைஞன் என்று சொல்ல முடியாத தோற்றம், கனத்த உடம்பு, தொடைக்கு மேல் ஏற்றிக் கட்டிய வேட்டி. சாப்பாட்டுக் காட்சியில் எலும்பைக் கடித்து உடைக்கிறார். இவ்வளவு கரடுமுரடான ஒருவரை வேறு எந்தத் தயாரிப்பாளரும் அந்த வருடம் நாயகனாகப் போட்டிருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். சொந்தப் பணம் என்பதால் போட முடிந்தது. படம் பெரிதாக ஓடியது. வடிவேலு என்ற ஒல்லியான மதுரைக்காரரையும் அது ஊருக்குக் காட்டியது.

அதன் பின் 'அரண்மனைக் கிளி' (1993), 'எல்லாமே என் ராசாதான்' (1995) இரண்டையும் அவரே இயக்கி நடித்தார். இந்த இரண்டு படங்களிலும் உதவி இயக்குநராக வேலை பார்த்தவர் தேனிப் பக்கத்து இளைஞர் ஒருவர், பெயர் மாரிமுத்து. அவரைப் பிறகு பார்ப்போம், இந்தக் கதையில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

தொண்ணூறுகளின் பின்பாதியில் நாயகன் ராஜ்கிரணின் படங்கள் எடுபடாமல் போயின. இந்த இடத்தில்தான் பல பேருடைய தொழில் முடிகிறது. நாயகனாக இருந்தவருக்கு அண்ணன் வேடத்துக்கு இறங்கி வர மனசு வராது. இறங்கி வந்தாலும், போஸ்டரில் பெயர் எங்கே வருகிறது என்பதில் சண்டை வரும். 2001இல் ராஜ்கிரண் இரண்டு படங்களில் நாற்காலி மாறினார். சேரனின் 'பாண்டவர் பூமி'யில் அண்ணன். பாலாவின் 'நந்தா'வில் பெரியவர். 'நந்தா'வின் களம் இராமேசுவரம், சூர்யா நாயகன், ராஜ்கிரண் ஊருக்கே பெரியவர், இலங்கையிலிருந்து வந்து கரையேறும் அகதிகளுக்கு அரணாக நிற்பவர். அந்தப் படத்தில் அவர் செய்ததைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று புரியும். 1991இல் அவர் உடம்பு பாய்வதற்காக இருந்தது. 2001இல் அதே உடம்பு நிற்பதற்காக இருக்கிறது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நிற்கிறார். சுற்றி இருப்பவர்கள் குரலைத் தாழ்த்துகிறார்கள். நாயகனாக இருந்த காலத்தில் சேர்த்துவைத்த முரட்டுத்தனம் வீணாகவில்லை. இவர் அடித்தால் என்ன ஆகும் என்று பார்ப்பவருக்கு ஏற்கெனவே தெரியும். அதனால் அவர் அடிக்க வேண்டியதில்லை.

அடுத்தது 2005. அந்த வருடம் அவருடைய இரண்டு அப்பாக்கள் வந்தார்கள். 'சண்டக்கோழி'யில் விஷாலுக்கு அப்பா, ஊரே எழுந்து நிற்கும் ஐயா. 'தவமாய் தவமிருந்து'வில் சேரனுக்கு அப்பா, சின்ன அச்சகம் வைத்துக் கடனும் வட்டியுமாக இரண்டு பையன்களைப் படிக்க வைக்கும் முத்தையா. முதலாவது, 'நந்தா' பெரியவரின் நீட்சி. அவருக்கு அது கஷ்டமே இல்லை. இரண்டாவதுதான் வேலை. அதே கனத்த தோளைத் தளர விடுகிறார். அச்சு மிஷின் முன்னால் நிற்கும்போது மிஷினுக்குத்தான் அவர் கீழ்ப்படிகிறாரே தவிர, அவருக்கு யாரும் இல்லை. கடன் கேட்கப் போகும் இடத்தில் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத ஒரு முகம் வைக்கிறார். நம் ஊர்ப் பக்கம் பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் புரட்ட அலையும் எத்தனையோ அப்பன்மாரிடம் பார்த்த முகம். அந்தப் படத்துக்குக் குடும்ப நலன் பிரிவில் தேசிய விருது கிடைத்தது. ராஜ்கிரணுக்கு அதைவிடப் பெரிய ஒன்று கிடைத்தது: 'அப்பா' நாற்காலி.

அப்புறம் வரிசையாகப் பாருங்கள். 'கிரீடம்' (2007) படத்தில் அஜித்துக்கு அப்பா. 'வேங்கை' (2011) படத்தில் தனுஷுக்கு அப்பா. 'மஞ்சப்பை' (2014) வந்தபோது தாத்தா. 'கொம்பன்' (2015) மாமனார். இதில் 'கொம்பன்' நம் மாவட்டத்திலேயே நடக்கிற கதை. மாப்பிள்ளைக்கும் மாமனாருக்கும் இடையே இருக்கும் உரசல்தான் அதன் உயிர். தமிழ் சினிமா மாமனாரை வில்லனாகவோ கோமாளியாகவோதான் வைத்திருந்தது. அந்த நாற்காலிக்கு ராஜ்கிரண் ஒரு கௌரவத்தைக் கொடுத்தார் என்று சொன்னால் மிகையில்லை.

ஒரு சுவாரசியமான விஷயம் கவனித்தீர்களா? 'கிரீடம்' ஏ.எல். விஜய்க்கு முதல் படம். 'மஞ்சப்பை' ராகவனுக்கு முதல் படம். 2017இல் தனுஷ் முதன்முதலாக இயக்கிய 'ப. பாண்டி'யில் ராஜ்கிரண்தான் நாயகன், ஓய்வுபெற்ற சண்டைக் கலைஞர். தனுஷின் அப்பா கஸ்தூரிராஜா தம் முதல் படத்தை எடுத்ததும் இவரை வைத்துத்தான். அப்பாவின் முதல் படத்திலும் மகனின் முதல் படத்திலும் ஒரே நாயகன். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. புதிய இயக்குநர் ஒரு தயாரிப்பாளரிடம் கதை சொல்லும்போது, பாதி நம்பிக்கையை நாயகன் பெயர் கொடுக்கும். மீதியைக் கொடுப்பது அப்பா யார் என்ற பதில். ராஜ்கிரண் என்று சொன்னதும், அது குடும்பத்தோடு பார்க்கும் படம் என்று கேட்பவர் முடிவு கட்டிவிடுவார். குடும்பத்தோடு பார்க்கும் படம் என்றால் டிவிக்காரர்கள் வாங்குவார்கள்.

டிவியைப் பற்றிப் பேசாமல் இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ளவே முடியாது. 1993இல் சன் டிவி, 2001இல் படங்களுக்கென்றே கே டிவி என்று வந்த பிறகு, ஒரு படத்தின் ஆயுள் தியேட்டரோடு முடியவில்லை. மதியம் இரண்டு மணிக்குப் பாதியிலிருந்து பார்க்கிறோம், இருபது முறை பார்த்த படத்தையே மறுபடி பார்க்கிறோம். அப்படிப் பார்க்கும்போது நாயகன் நாயகி மேல் கண் போகாது. சண்டையும் பாட்டும் மனப்பாடம். சுற்றி நிற்பவர்கள் மேல்தான் கண் போகும். எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த அறுபத்தொரு நாளில் பகலில் டிவி ஓடாத வீடு குறைவு. பெயர் தெரியாத நடிகர்களைக்கூட 'அந்தப் படத்தில் போலீசா வருவாருல்ல' என்று அடையாளம் சொல்லும் திறமை அங்கேதான் வளர்கிறது. தியேட்டர், நாயகனை வளர்த்தது. குணச்சித்திர நடிகரை வளர்த்தது மதியப் படம்.

சீரியல் அதற்கும் ஒரு படி மேலே போனது. அங்கே நாயகனே கிடையாது, எல்லோரும் உறவுக்காரர்கள். 2002இல் ஆரம்பித்த 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்களைக் கரையேற்றும் அப்பாவாக வந்த டெல்லி குமாரைத் தமிழ்நாட்டில் பாதி வீடுகள் சொந்த சித்தப்பாபோலப் பேசின. 'சின்னப் பாப்பா பெரிய பாப்பா'வில் பட்டாபியாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த எம்.எஸ். பாஸ்கர், பல வருடம் கழித்து 'பார்க்கிங்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதை வாங்கினார். 2023ஆம் ஆண்டுக்கான விருது அது. டிவி ஆள் என்று சினிமாக்காரர்கள் ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. இப்போது போக்குவரத்து இரண்டு பக்கமும் நடக்கிறது.

பணக் கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். படத்தில் குணச்சித்திர நடிகரின் கால்ஷீட் எப்போதும் மற்றவர் கையில். நாயகன் தேதி மாறினால் இவருடைய காம்பினேஷன் காட்சிகள் எல்லாம் தள்ளிப்போகும். பொள்ளாச்சியிலோ காரைக்குடியிலோ லாட்ஜில் ரூமைப் போட்டுக்கொண்டு கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். இன்னொரு படத்துக்குத் தாடியை எடுக்கவும் முடியாது, கன்டின்யூட்டி, அதாவது காட்சிக்குக் காட்சி தோற்றத்தின் தொடர்ச்சி, போய்விடும். தாடியும் மீசையும்கூட இந்தத் தொழிலில் முதலீடு. ஒரே வெள்ளைத் தாடியோடு எல்லாப் படத்துக்கும் போக முடிகிறவர் கொடுத்து வைத்தவர். சீரியலில் இந்த இழுபறி குறைவு. நாள் கணக்கில் சம்பளம், மாதத்தில் இத்தனை நாள் என்று தோராயமாகத் தெரியும், வீட்டு வாடகைக்கும் பிள்ளைகள் பீஸுக்கும் கணக்குப் போடலாம். அதற்கு விலையும் உண்டு. வாரத்தில் ஆறு நாள் ஒளிபரப்பு என்றால் ஒரே நாளில் பக்கம் பக்கமாக வசனம் பேசித் தள்ள வேண்டும். ஒத்திகைக்கெல்லாம் நேரம் இல்லை. ஓரத்தில் நின்று ஒருவர் வசனத்தை எடுத்துக் கொடுப்பார், அதை வாங்கி உடனே முகத்தில் உணர்ச்சியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். பெரிய சினிமா நடிகர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள்.

மாரிமுத்து தடுமாறவில்லை. ராஜ்கிரணிடம் உதவி இயக்குநராக இருந்தவர் என்றேனே, அவர் பிறகு 'கண்ணும் கண்ணும்' (2008), 'புலிவால்' (2014) என்று இரண்டு படங்களை இயக்கினார். நடுவில் 2011இல் 'யுத்தம் செய்' படத்தில் நடிக்கப் போனவர் அப்படியே நடிகராகிவிட்டார். 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் நாயகியின் அப்பா அவர்தான். 2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரன் என்ற மூத்த அண்ணன். படித்த பெண்களை மருமகளாகக் கொண்டுவந்து அடுப்படியில் அடைக்கும் வீட்டின் அதிகாரம். கொடுமைக்காரன் வேடம்தான், ஆனால் 'இந்தாம்மா ஏய்' என்று அவர் இழுத்துக் கூப்பிடும் விதத்தில் ஒரு நக்கல் இருந்தது, ஊரே அதைப் பேசிக் காட்டியது. திட்டிக்கொண்டே ரசித்தார்கள். ஐம்பதைத் தாண்டிய பிறகு கிடைத்த புகழ். 2023 செப்டம்பர் 8ஆம் தேதி, அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது உடல்நிலை மோசமாகி இறந்துபோனார்.

சினிமாவில் இப்படி நடந்தால் மிச்சக் காட்சியை ஒட்டுப்போட்டு முடித்துவிடுவார்கள். சீரியல் நிற்க முடியாது. இரவு ஒன்பதரை ஆனால் எபிசோடு போக வேண்டும், போகாவிட்டால் ரேட்டிங் போய்விடும். 'இவருக்குப் பதில் இனி இவர்' என்று ஒரு வரி போட்டு ஆளை மாற்றுவது சீரியல் உலகத்தில் சர்வசாதாரணம். மருமகளை மாற்றியிருக்கிறார்கள், அம்மாவைக்கூட மாற்றியிருக்கிறார்கள். குணசேகரனை எப்படி மாற்றுவது? சில வாரங்கள் அந்தப் பாத்திரம் கண்ணில் படாமலேயே கதையை ஓட்டினார்கள். பிறகு அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் பெருநாழி வேல ராமமூர்த்தி.

அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். நடிகராவதற்கு வெகுகாலம் முன்பே அவர் எழுத்தாளர். இராணுவம், அப்புறம் அஞ்சல் துறை என்று வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். 'குற்றப் பரம்பரை', 'பட்டத்து யானை', 'குருதி ஆட்டம்', 'அரியநாச்சி' என்று நாவல்கள். இந்தச் செம்மண்ணும் கரிசலும் கலந்த வறண்ட நாட்டின் கோபத்தையும் பாசத்தையும் கத்தியால் கீறியதுபோல எழுதுகிற கை. 2013இல் 'மதயானைக் கூட்டம்' படத்தில் நடிக்க வந்தார். பிறகு 'கொம்பன்', 'பாயும் புலி', 'சேதுபதி', 'கிடாரி'. கடைசியாகச் சொன்ன 'கிடாரி'யில் (2016) அவர்தான் கதையின் அச்சாணி, கொம்பையா பாண்டியன். நாயகன் சசிகுமார் அவருக்கு அடியாள். மூன்று வருடத்துக்குள் எழுத்தாளர் என்பது மறந்து, அருவாள் மீசைப் பெரியவர் என்றால் இவர்தான் என்று ஆகிவிட்டது.

மாரிமுத்துவின் குணசேகரன் பேசிக்கொண்டே இருப்பான்; அவன் பலம் வாய். வேல ராமமூர்த்தியின் குணசேகரன் பேச்சைக் குறைத்து முறைப்பான். அவன் பலம் கண்ணும் மீசையும். எங்கள் பக்கம் பெண்கள் இதில் இரண்டு கட்சியாகவே பிரிந்துவிட்டார்கள். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள், கரையில் மூட்டையைக் கட்டிக்கொண்டே நேற்று ராத்திரிக் கதையை அலசுவதைக் கேட்டிருக்கிறேன். பழைய ஆளைத் திட்டச் சந்தோஷமாக இருந்தது, புதியவரைப் பார்த்தால் நிஜமாகவே பயமாக இருக்கிறது என்பது ஒரு கட்சி. நம்ம ஊர் ஆள், அவரைக் குறை சொல்லாதே என்பது இன்னொரு கட்சி. ஆரம்பத்தில் முதல் கட்சிதான் பெரிது. மாரிமுத்துவின் நக்கலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கனம் ஒத்துவரவில்லை. இதில் நடிகர் மேல் பழி இல்லை. எழுதியவர்கள் பழைய ஆளின் வாய்க்கு எழுதிய வசனத்தைக் கொஞ்ச காலம் புதியவர் வாயில் வைத்தார்கள்; அது அவருக்குச் சேரவில்லை. போகப் போக வசனம் குறைந்தது, ஆள் நின்றார். தொடர் 2024 ஜூனில் முடிந்து அந்த வருடக் கடைசியில் அடுத்த பாகமாகத் திரும்பியபோதும் குணசேகரன் அவரேதான்.

மூன்று பேரையும், வக்கீல், விநியோகஸ்தர், எழுத்தாளர், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. யாரும் நடிப்பை நம்பிச் சோற்றுக்கு நிற்கவில்லை. கையில் வேறு தொழில் இருந்தது, வயதும் இருந்தது. வேண்டாத வேடத்தை மறுக்கும் வசதி அதில் வருகிறது. சென்னைக்கு இருபது வயதில் ரயிலேறிக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கும் பையனுக்கு அந்த வசதி இல்லை; கிடைத்த வேடத்தைச் செய்வான், அது அவன் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். செந்தில் விதிவிலக்கு. சின்ன வயதிலேயே வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பி, கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, நாடகத்தில் புகுந்து மேலே வந்தவர். அவர் அளவுக்குத் தைரியத்தையும் அவருக்கு இருந்த அதிர்ஷ்டத்தையும் எல்லோருக்கும் சிபாரிசு செய்ய முடியாது.

பெண்களுக்கு இந்த ஏணியே வேறு. 'நாயகன்' (1987) படத்தில் நாயகியாக வந்த சரண்யா, 'தவமாய் தவமிருந்து'வில் ராஜ்கிரணுக்கு மனைவி, சேரனுக்கு அம்மா. அவருக்கும் மகனாக நடித்தவருக்கும் வயதில் பெரிய தூரமில்லை. ஆண் நடுவயதில் நாயகனாகி, அதற்குப் பத்து வருடம் கழித்துத்தான் அண்ணன் ஆகலாம். பெண்ணை முப்பத்தைந்திலேயே அம்மா ஆக்கிவிடுவார்கள். அந்த நாற்காலியை வைத்துக்கொண்டே 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்துக்குச் சிறந்த நடிகை தேசிய விருதை வாங்கினார் சரண்யா என்பது அவர் சாமர்த்தியம். சினிமாவின் நியாயம் இல்லை.

இந்தக் கடற்கரைக்காரனாக எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நம் மாவட்டம் என்றால் சினிமாவுக்குத் 'தண்ணியில்லாக் காடு'. போலீஸ்காரரை மிரட்ட அந்த ஒரு வசனம் போதும். சீமைக்கருவேலம், அருவாள், பங்காளிப் பகை. வேல ராமமூர்த்தியைத் தேடி வருகிறவர்கள் அந்த ஊருக்குத்தான் வருகிறார்கள், அவருக்குள் இருக்கும் எழுத்தாளரைத் தேடி யாரும் வருவதில்லை. அந்த மீசைக்குப் பின்னால் சிரிக்கத் தெரிந்த, தோற்றுப்போகத் தெரிந்த ஒரு கிழவர் இருப்பதை அவருடைய கதைகளைப் படித்தவர்கள் அறிவார்கள். சாதிப் பெருமை பேசும் படங்களுக்கு அந்த மீசை மட்டும் போதுமாக இருக்கிறது.

தொண்டியிலிருந்து வாலிநோக்கம்வரை நீண்டு கிடக்கும் கரையோ படத்தில் பாட்டுக்கு மட்டும்தான். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் ஆடிவிட்டுப் போகிறார்கள். படகு முதலாளி சம்மாட்டி, சங்கு குளித்துக் காது கேளாமல் போனவர், பாசி எடுத்து விரல் வெடித்த அத்தை, வெளிநாட்டுப் பணத்தில் மகளுக்கு வீடு கட்டும் கீழக்கரை வாப்பா (முஸ்லிம் வீடுகளில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என்று எத்தனையோ நாற்காலிகள் இங்கே காலியாகக் கிடக்கின்றன. 'நந்தா' ஒன்றில்தான் இந்தக் கரை கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அதிலும் கீழக்கரைக்காரர் இராமேசுவரத்துப் பெரியவராகத்தான் வந்தார். நான் பார்த்த ராஜ்கிரண் படங்களில் எல்லாம் அவர் 'அப்பா', 'ஐயா', 'மாமா', 'தாத்தா'. ஒரு பிள்ளைகூட அவரை 'வாப்பா' என்று கூப்பிட்டு நான் கேட்கவில்லை. 2025இல் தனுஷ் இயக்கிய 'இட்லி கடை'யிலும் அவர் அப்பாதான், கிராமத்தில் இட்லி அவித்துப் பிழைக்கிற சிவநேசன்.